முப்பது உருப்படிகளும் வெரோனிக்கா அக்காவும்

கெலுகோரில் ஒரு அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் அறை எடுத்துக் குடிவந்த மூன்றாம் நாள், நடைபாதையில் ஒரு நீல வாளி தானாகக் குமிழி விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வாளியின் விளிம்பில் சிவப்புக் கிளிப் ஒன்று, கறுப்புக் கிளிப் ஒன்று. இரண்டும் லாரிக்காரர்கள் வைத்திருக்கும் பேட்டரி சார்ஜரிலிருந்து வந்தன. சார்ஜரின் வயர் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போயிருந்தது. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

நான் வேதியியல் பட்டதாரி. நிபோங் திபாலுக்கு உள்ளே செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். ஆபத்து என்று தெரிந்த ஒன்றைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. குனிந்து சிவப்புக் கிளிப்பைப் பிடுங்கினேன். சட்டென்று ஒரு பொறி தெறித்தது.

கதவைத் திறந்துகொண்டு ஒரு அக்கா வந்தார். குள்ளமான உருவம், தலையில் பழைய துணித்தொப்பி, கையில் பல் துலக்கும் பிரஷ்.

"யாரு தம்பி நீ? என்னாத்துக்குப் பிடுங்குன?"

"அக்கா, இதுலேருந்து ஹைட்ரஜன் வருது. தீப்பிடிக்கும். நான் கெமிஸ்ட்ரி டிகிரி."

"ஓ, டிகிரியா? ஹைட்ரஜன்னு தெரிஞ்ச ஆளு, சுவிட்ச அடைக்காம கிளிப்பப் பிடுங்கிப் பொறி பறக்க வுடுவியா?"

நான் கிளிப்பைத் தரையில் வைத்தேன்.

"எனக்கு அது பேரு தெரியாது. ஆனா மாதா படத்துக்கு முன்னால மெழுகுவத்தி எரியுதுன்னுதான் வாளிய வெளிய வெச்சிருக்கேன். சரி, போ லா. சாப்டியா?"

அதுதான் வெரோனிக்கா அக்காவை நான் முதன்முதலில் சந்தித்தது. அன்றிலிருந்து அவர் வாயில் என் பெயர் 'டிகிரி'.

அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்தவர். லைனில் வரும் பலகைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. ஒரு நாள் அந்த லைனையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இயந்திரங்கள் கப்பலேறின, ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதன் பிறகு அவர் போகாத இடமில்லை. போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: சான்றிதழ் எங்கே? அக்கா மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்தியவர். இருபத்தோரு வருடப் பார்வையை எந்தக் கோப்பில் சொருகி நீட்டுவது?

சும்மா இருந்த முதல் மாதத்தில் கோபத்தில் தொடங்கிய வேலைதான் இந்தத் துரு எடுப்பது. அவருடைய கணவர் பெர்னார்ட் அண்ணன் லாரி ஓட்டுகிறார். அண்ணனின் சாமான் பெட்டியைத் திறந்தால் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. குத்துவிளக்கை விளக்குகிற மாதிரி புளியைப் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் அலசி, வெயிலில் வைத்திருக்கிறார். பித்தளைக்கு அது சரி. இரும்பு ஒரு மணி நேரத்தில் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. அடுத்த முறை, ஆசாம் லக்சாக் குழம்புக்குப் போடும் காய்ந்த ஆசாம் புளித்துண்டுகளைக் கொதிக்கவைத்து, அந்த நீரில் ஒரு பிளையரை மூன்று நாள் ஊறப்போட்டார். துரு போனது, பிளையரின் பல்லும் போனது.

"பிஸ்கட் மாதிரி ஆயிருச்சு தம்பி. அப்பதான் தெரிஞ்சுது, ஊறவைக்கிறதுக்கும் ஒரு நேரம் இருக்கு. கண்ண அந்தப் பக்கம் திருப்பக்கூடாது."

நான் குடிவந்த காலத்தில் அவர் முறையைக் கண்டுபிடித்து முடித்திருந்தார். கெட்டித் துரு என்றால் வாளியில் சலவைச் சோடா கரைத்து மின்சாரம். மெல்லிய துரு என்றால் ஆசாம் நீர், அரை மணி நேரம், பக்கத்திலேயே முக்காலி போட்டுக் காவல். எடுத்ததும் பிரஷ், பிறகு சுடுதண்ணீர், பிறகு அடுப்பில் காய்ந்த குவாலிச் சட்டியில் போட்டு ஈரம் போகப் புரட்டுவது. சூடு ஆறுமுன் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் கூடாது, பிசுபிசுத்து அழுக்குப் பிடிக்கும். சூடு ஆறியதும் வெள்ளைக் காகிதக் கைத்துண்டால் அழுத்தித் துடைப்பார். காகிதத்தில் பழுப்பு தெரிந்தால் சிவப்புச் சீட்டு கட்டி "ரிஜெக்ட்" என்று மறுபடியும் முதலிலிருந்து. தெரியாவிட்டால் பச்சைச் சீட்டு. தொழிற்சாலைப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான் விற்கும் மீரா சாகிப் பாய்தான் அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். "வேரோம்மா கைபட்ட சாமான் ரெண்டு வாரம் கடையில தங்காது" என்பார். ஆனால் அது நிலையான வேலையில்லை. அக்காவுக்கு வேண்டியது மாதச் சம்பளம், ஒரு பெயரட்டை, காலையில் போய் மாலையில் திரும்பும் ஓர் இடம். "வேலைக்குப் போறேன்னு சொல்லணும் டிகிரி. வீட்டுல இருக்கேன்னு சொன்னா, நான் இல்லாத மாதிரியே பேசுறாங்க."

போன ஏப்ரல் மாதம், பிறையில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி மையம் தச்சுப் பிரிவின் கருவி அறைக்கு ஆள் கேட்டிருந்தது. நான்தான் பாரம் நிரப்பினேன். சான்றிதழ் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"இல்லன்னு எழுது. பொய் எழுதி என்னா ஆவப்போவுது?"

என் வேலையும் பிறையில்தான் என்பதால் நேர்முகத்துக்கு என் காடியிலேயே, நானே ஓட்டிக் கூட்டிப்போனேன். பொறுப்பாளர் என்சிக் கமால், ஐம்பதைத் தாண்டியவர், மூக்கு நுனியில் கண்ணாடி. பாரத்தை ஒரு முறை பார்த்தார், அக்காவை ஒரு முறை பார்த்தார். இருவரும் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்; 'காக்' (அக்கா), 'என்சிக்' (ஐயா) மட்டும் அப்படியே.

"காக், குறைந்தது ஒரு திறன் சான்றிதழாவது வேண்டும். நான் வைத்த விதி இல்லை, மேலே உள்ளவர்கள் வைத்தது."

அக்கா எழுந்திருக்கவில்லை. அவர் கண் அறையின் மூலையில் இருந்தது. அங்கே ஒரு மரப்பெட்டியில் இரும்பு இழைப்புளிகளும் உளிகளும் துருவேறிக் குவிந்திருந்தன.

"அது என்ன?"

"பழைய இரும்புக்காரன் வருவான். போட்டுவிடப் போகிறோம்."

"எத்தனை இருக்கு?"

"முப்பது இருக்கும்."

"மூணு வாரம் என்கிட்ட கொடுங்க. முப்பதும் மரத்தில் ஓடணும். ஓடலன்னா என் பாரத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. ஓடினா, மேலே உள்ளவங்ககிட்ட எனக்காக ஒரு தடவை பேசுங்க."

என்சிக் கமால் கண்ணாடியைக் கழற்றினார். நாள்காட்டியைப் பார்த்தார். "மே நாலாம் தேதி. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி."

பன்னிரண்டு இழைப்புளி, பதினெட்டு உளி. காடியின் பின்பக்கம் தாழ்ந்து போனது.

அந்த மூன்று வாரமும் எங்கள் நடைபாதையில் ஊறுகாய் வாசம். எதிர்வீட்டு ஜெயலெட்சுமி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். "என்னாடி வேரோ, இரும்ப அச்சார் போடுறியா? எனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வை." பெர்னார்ட் அண்ணனுக்கு வேறு குறை. "என் சார்ஜரு, என் குவாலி, என் பொண்டாட்டி, மூணும் துருவுக்குப் போயிருச்சு. நான் ரொட்டி சானாய் தின்னே காலத்த ஓட்டுறேன்." சொல்லிக்கொண்டே இழைப்புளிகளின் இறுகிய திருகுகளைக் கழற்றிக் கொடுப்பார். கண்ணாடித் தகட்டின் மேல் மணல்தாளை ஒட்டி, இழைப்புளியின் அடிப்பாகத்தை அதில் முன்னும் பின்னுமாக இழுத்துச் சமன்செய்ய வேண்டும். ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அக்கா ஒரு நாளைக்கு இத்தனை என்று அளவு வைத்துச் செய்தார்.

ஏப்ரல் முப்பதாம் தேதி மாலை முப்பதிலும் பச்சைச் சீட்டு தொங்கியது. நான் எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் மே ஒன்று. இயேசுவின் வளர்ப்புத் தந்தை, தொழிலாளியான சூசையப்பரின் திருநாள். அக்காவின் கோவிலில் அன்று காலைப் பூசைக்கு ஆட்கள் தங்கள் தொழில் சாமானைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். சாமியார் அவற்றின் மேல் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். வேலை போன பிறகு இரண்டு வருடமாக அக்கா வெறுங்கையோடு போனவர். இந்த வருடம் ஒன்றிரண்டு இல்லை, முப்பதையும் கொண்டுபோக முடிவு செய்தார்.

அங்கேதான் தவறு நடந்தது. எண்ணெயோடு வைத்தால் பீடத்தின் வெள்ளைத்துணி கறையாகும். அதைவிட, சாமி முன்னால் பிசுக்கோடு எதையும் வைக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அன்று விடியற்காலை முப்பதையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பளபளவென்று வெறும் இரும்பாக ஆக்கினார். பெட்டியைத் தூக்கிக் கோவிலுக்குள் கொண்டுபோய் வைத்தவன் நான். துரு எப்படிப் பிடிக்கிறது என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. ஆயுத பூசைக்கு எங்கள் வீட்டில் பாராங் கத்திக்கு ஈரச் சந்தனம் வைப்போம். மறுநாள் பொட்டு இருந்த இடம் மட்டும் சிவந்திருக்கும். அதைக் குங்குமம் என்றே இருபது வருடம் நினைத்திருந்தேன்.

சாமியார் தாராளமாகத் தெளித்தார். உப்பு சேர்த்து மந்திரித்த தீர்த்தம். அக்கா ஒரு சொட்டைக்கூடத் துடைக்கவில்லை. தீர்த்தத்தைத் துடைப்பார்களா? அப்படியே வெள்ளைத்துணியில் சுற்றி, பெட்டியை மூடி, வீட்டில் வைத்துவிட்டு, கணவன் மனைவி இருவரும் நிபோங் திபாலுக்கு அண்ணனின் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. வாசலில் அக்கா. கையில் ஒரு இழைப்புளி. அதன் பளபளப்பில் மிளகளவு, உளுந்தளவு ஆரஞ்சுப் புள்ளிகள். எந்தச் சொட்டு எங்கே விழுந்தது, எப்படி வழிந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

ஜெயலெட்சுமி அக்காவும் வந்து எட்டிப் பார்த்தார். அன்று அவர் கேலி செய்யவில்லை. "ஏன் வேரோ, தீர்த்தம் பட்ட இடமாச்சே. அதப் போட்டுத் தேய்க்கலாமா?"

வெரோனிக்கா அக்கா ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அப்புறம் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"சூசையப்பர் தச்சருடி. துருப்புடிச்ச உளிய அவரு கையில குடுத்தா, கும்பிட்டுக்கிட்டா நிப்பாரு? தேய்ப்பாரு."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. உங்க ஆளுங்க வேலை செய்யக் கூடாதும்பீங்களே?"

"உன் மாடு கெணத்துல வுழுந்தா ஞாயித்துக்கிழமைன்னு வுட்டுருவியா? எனக்கு முப்பது மாடு வுழுந்து கெடக்கு. தள்ளு."

அன்று மாலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தார். அதோடு ஞாயிற்றுக் கடமை முடிந்தது, மீதி நேரமெல்லாம் வேலைக்கு என்று கணக்குப் போட்டுவிட்டார். உளிகள் பதினெட்டும் ஆசாம் நீரில் அரை மணி, பிறகு மெல்லிய இரும்புப் பஞ்சு, எண்ணெய். ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் அவை தேறிவிட்டன. இழைப்புளிகள்தான் சிக்கல். உப்பு, அடிப்பாகத்தில் ஊசி குத்தினதுபோல் சின்னச் சின்னக் குழிகளைத் தோண்டியிருந்தது. மறுபடியும் கண்ணாடித் தகடு, மணல்தாள், முன்னும் பின்னும். அண்ணன் ஒரு பக்கம் இழுத்தார், நான் குவாலியைப் பார்த்துக்கொண்டேன். கடைசி மணல்தாளும் சமன் பார்ப்பதும் அக்காவின் கை மட்டும்.

மாலை ஏழரைக்கு எட்டு இழைப்புளிகள் முடிந்திருந்தன. நான்கு பாக்கி. அக்கா எழுந்து கை கழுவினார்.

"என்னா எழுந்துட்ட?" என்றார் அண்ணன். "இன்னும் நாலு இருக்கு. கிரைண்டர் மெஷின் போட்டா அஞ்சஞ்சு நிமிஷம்."

"மெஷின் போட்டா ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு. மரத்துல ஓடாது."

"அப்ப கையாலயே செய்யி. ராத்திரி இருக்குல்ல?"

"கண்ணு மங்கிருச்சுங்க. மங்குன கண்ணோட நான் பச்சை கட்டுனதில்ல. இருபத்தோரு வருசத்துல ஒரு நாளும் இல்ல."

"சரி, அந்த நாலையும் வீட்டுலயே வெச்சிரு. இருவத்தாறுதான் குடுத்தீங்கன்னு சொல்லு. அந்தாளு எண்ணியா குடுத்தாரு?"

"முப்பதுன்னு வாங்குனேன்" என்றார் அக்கா. நான்கு சிவப்புச் சீட்டுகளை எடுத்து அந்த நான்கிலும் கட்டினார். பெட்டியில் அடியில் வைக்காமல் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

திங்கட்கிழமை நான் அரை நாள் விடுப்பு எடுத்தேன். என்சிக் கமால் பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்த்தது அந்தச் சிவப்பைத்தான்.

"இது என்ன காக்?"

"ரிஜெக்ட். என் தப்பு." அக்கா நடந்ததைச் சொன்னார். எண்ணெயைத் துடைத்தது, தீர்த்தம், உப்பு, துணியில் சுற்றி மூடினது, எதையும் விடவில்லை. "இருபத்தாறு ஓடும். நாலு ஓடாது. இன்னும் ரெண்டு நாள் கொடுத்தா அதுவும் ஓடும். ஆனா நான் கேட்ட மூணு வாரம் இன்னியோட முடிஞ்சது."

என்சிக் கமால் ஒரு இழைப்புளியை எடுத்துப் பலகையில் ஓட்டினார். மரச்சுருள் வெங்காயத்தோல்போல் நீண்டு வந்தது. இன்னொன்று. உளி ஒன்றை எடுத்துக் கட்டை விரலில் வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்த நான்கில் ஒன்றைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அந்த ஆரஞ்சுச் சொட்டுகளை விரலால் தடவினார்.

"என்னோடு வாருங்கள்" என்று கருவி அறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே மாட்டியிருந்தவை புதுச் சாமான்கள். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவை. அவற்றிலும் அதே ஆரஞ்சுப் புள்ளிகள், அதே சொட்டு வடிவம்.

"ஒவ்வொரு திங்கட்கிழமையும் இப்படித்தான். மழை என்றார்கள், கடல்காற்று என்றார்கள். ஈரம் உறிஞ்சும் பெட்டிகூட வாங்கி வைத்தேன்."

அக்கா கிட்டே போய்ப் பார்த்தார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்த அதே பார்வை. கைப்பிடிக்குப் பக்கத்தில்தான் புள்ளிகள் அதிகம்.

"காத்து இல்ல என்சிக். காத்துன்னா எல்லா இடத்திலயும் ஒண்ணுபோல பிடிக்கும். இது சொட்டு. ஈரக் கை. திங்கட்கிழமைதான்னா, கடைசியா எப்ப பூட்டுறீங்க?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம்."

சொன்னவர் அப்படியே நின்றார். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவுவோம். கழுவிவிட்டுத்தான் பையன்களுக்கு மேசைமேல் சாமான் கிடப்பது ஞாபகம் வரும். ஓடிப்போய் மாட்டிவிட்டுப் பூட்டுவோம். நானே அப்படித்தான் செய்கிறேன்!"

"எங்களுக்குத் தீர்த்தம்" என்றார் அக்கா, சிரிக்காமல். "துடைக்கத் துணி ஒண்ணு கதவுல தொங்கணும். எண்ணெய் டின் ஒண்ணு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கே சாமான் உள்ளே வந்திடணும், கை கழுவுறதுக்கு முன்னால. துடைக்காத சாமானை வாங்கிக்க மாட்டேன்னு வாசல்ல ஒரு ஆள் நிக்கணும்."

"எந்த ஆள்?"

"நான்தான்."

விதியை என்சிக் கமாலால் மாற்ற முடியவில்லை. அது உண்மை. மேலே உள்ளவர்களிடம் பேசினார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நிரந்தர வேலை கிடைக்காது, டிசம்பர் வரை ஒப்பந்தம் தரலாம், அதற்குள் அனுபவத்தை வைத்துக் கொடுக்கும் திறன் சான்றிதழை வாங்கிவிட்டால் நிரந்தரத்துக்குப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. கடிதத்தைப் படித்து அண்ணன் முகம் சுருங்கியது. "ஏழு மாசம்தானா?" அக்கா கடிதத்தை வாங்கி மடித்தார். "ஏழு மாசம் இருக்குல்ல."

வெரோனிக்கா அக்கா இப்போது அந்த மையத்தின் கருவி அறையில் ஒப்பந்த ஊழியராக வேலை செய்கிறார். தினமும் காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து பிறைக்குப் போகிறார். சான்றிதழுக்கான கோப்பில் எட்டுப் பகுதிகளில் ஐந்தை முடித்துவிட்டார். மதிப்பீட்டாளர் நவம்பர் மாதம் வருகிறார். பாக்கி மூன்றை அக்கா இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.